குட்டையாக இருந்தால் ஹாக்கி ஆடக் கூடாதா?

"ஏனுங்க டாக்டர், பையன் நல்லா ஆடறானுங்க. பந்து அவன் மட்டையில ஒட்டிக்கிட்டே போகுதுன்னு பி.டி. வாத்தியார் சொல்றாருங்க. ஆனா வளத்தியே இல்லீங்களே! இவன என்ன பண்றதுங்க?"

உடுமலை வட்டாரத்துப் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வியோடு நிறுத்துவதில்லை. சிலர், "உயரத்துக்கு லேகியம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்பார்கள். வேறு சிலர், "பேசாம ஆட்டத்தை நிறுத்திட்டு டியூஷன்ல சேத்துடலாமுங்களா?" என்பார்கள். பையன் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பான். அவன் வயது பதிமூன்றோ பதினாலோ இருக்கும்.

இரண்டு கேள்விக்கும் என் பதில் 'வேண்டாம்' என்பதுதான். பதிமூன்று, பதினாலு வயதில் ஒரு பிள்ளையின் உடம்பைப் பார்த்து 'இவன் தேறுவான், தேறமாட்டான்' என்று முடிவு கட்டக் கூடாது. "எவ்வளவு உயரம் இருக்கிறான்?" என்பது அந்த வயதுக்கான கேள்வி இல்லை. "வளர்ச்சியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறான்?" என்றுதான் கேட்க வேண்டும். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஒரே வயது, இரண்டு உடம்பு

ஏழெட்டு வயதிலிருந்து பருவமடையும் வரை ஒரு பிள்ளை வருஷத்துக்கு சுமார் 5 முதல் 6 சென்டிமீட்டர் வளரும். பிறகு ஒரு கட்டத்தில் திடீரென்று வேகம் பிடிக்கும். பெண் பிள்ளைகளுக்கு இது சராசரியாக 12 வயதை ஒட்டியும், பையன்களுக்கு 14 வயதை ஒட்டியும் உச்சத்துக்கு வரும். அந்த உச்ச வருஷத்தில் பையன்கள் 8 முதல் 10 சென்டிமீட்டர் கூட வளர்ந்துவிடுவார்கள். தீபாவளிக்கு எடுத்த பேன்ட் பொங்கலுக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்.

இந்த வேகம் எல்லோருக்கும் ஒரே தேதியில் வருவதில்லை. ஒரு பையனுக்குப் பன்னிரண்டிலேயே வரும். இன்னொருவனுக்குப் பதினாறில் வரும். இரண்டும் இயற்கைதான், நோய் இல்லை.

இப்போது மைதானத்தைப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் இருவர். ஒருவன் 160 சென்டிமீட்டர். மீசை அரும்பிவிட்டது, குரல் உடைந்துவிட்டது. இன்னொருவன் 142, பால் முகம். பந்துக்கு இருவரும் ஓடினால் பெரியவன் தோளால் ஒரு இடி இடித்துப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். செலக்ஷனில் யார் பெயர் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் பெரியவன் வளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்துவிட்டவன். சின்னவன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பதினெட்டு வயதில் இருவரும் தோளுக்குத் தோள் நிற்கலாம். அப்போது யாருக்குக் கைவேலை தெரியுமோ அவன்தான் ஆட்டக்காரன். உடம்பு பலத்தை மட்டுமே நம்பி கோல் போட்டுப் பழகிய பெரியவன், மற்றவர்கள் வளர்ந்து வந்ததும் திண்டாடிப் போவான். ஆகவே சீக்கிரம் வளர்ந்த பிள்ளையின் பெற்றோருக்கும் இதில் பாடம் உண்டு.

இன்னொரு விஷயம் பிறந்த தேதி. வயதுப் பிரிவு ஜனவரியிலிருந்து கணக்கிடப்பட்டால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில்தான் ஆடுவார்கள். நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷம்! பதிமூன்று வயதில் ஒரு வருஷம் என்பது சாதாரணமா? பல நாடுகளில், பல விளையாட்டுகளில், இளவயது அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். உங்கள் பையன் நவம்பர், டிசம்பரில் பிறந்தவனா? அதையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு

முதலில் பெற்றோர் உயரம். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டுங்கள். பையன் என்றால் அதோடு 13 கூட்டுங்கள். பெண் என்றால் 13 கழியுங்கள். பிறகு இரண்டால் வகுங்கள். அப்பா 165, அம்மா 152 என்றால் பையனுக்கு 165 வரும்; பெண்ணுக்கு 152 வரும். இது ஜாதகம் இல்லை, ஒரு உத்தேசம். இதற்கு மேலும் கீழும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வரை போகலாம்.

இரண்டாவது, வளரும் வேகம். வீட்டுச் சுவரில் ஒரு கோடு போட்டு, செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிறுத்தி அளந்து தேதியோடு எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். காலை நேரத்தில் அளப்பது நல்லது. சாயங்காலத்துக்குள் யாருமே ஒரு சென்டிமீட்டர் போல இறங்கிவிடுவார்கள். தினமும் அளந்து பிள்ளையைப் படுத்தாதீர்கள்.

மூன்றாவது, குடும்ப வழக்கம். "நான் காலேஜ் போன பிறகுதானுங்க வளந்தேன்" என்று சொல்லும் அப்பாக்கள் உண்டு. அம்மா பதினாலு, பதினைந்தில்தான் பெரியவளானார் என்றால் அதுவும் ஒரு குறிப்பு. தாமதமாக வளர்வது குடும்பத்தில் இறங்கும்.

நான்காவது, பருவக் குறிகள். குரல், மீசை, அக்குள் முடி, செருப்பு சைஸ். உடம்பு நீளுவதற்கு முன்னால் பாதம் பெரிதாகும். ஒரே வருஷத்தில் இரண்டு முறை ஷூ மாற்ற வேண்டி வந்தால் வளர்ச்சி கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

பெற்றோர் கணக்குப்படி 165 வர வேண்டிய பையன், பதினாலு வயதில் 145-ல் நிற்கிறான், பருவக் குறி எதுவும் இல்லை, ஆனால் வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் ஒழுங்காக ஏறுகிறான் என்றால், அவன் தாமதமாக வளரும் பிள்ளையாகவே பெரும்பாலும் இருப்பான். அதே பையனுக்கு மீசை வந்து, குரல் உடைந்து, வேகமும் குறைந்துவிட்டது என்றால் இனிப் பெரிதாக ஏறாது. அதையும் மறைக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். அப்படியே நின்றாலும் ஹாக்கிக் கதவு சாத்தப்படுவதில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்? வருஷத்துக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தால், பையனுக்குப் பதினாலு வயது முடிந்தும் பெண்ணுக்குப் பதிமூன்று முடிந்தும் பருவக் குறி எதுவுமே தெரியாவிட்டால், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால், அடிக்கடி வயிற்றுப்போக்கோ ஓயாத சோர்வோ இருந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, குடல் கோளாறு எல்லாம் வளர்ச்சியைத் தடுக்கும். தேவைப்பட்டால் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைச் சொல்வார்கள். பதினாலு வயதுப் பையனின் எலும்பு பன்னிரண்டு வயது காட்டினால், இன்னும் வளர்ச்சி பாக்கி இருக்கிறது என்று பொருள். சித்த மருத்துவன் இப்படிச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். நாடி பார்க்கிறவனும் அறிய வேண்டியதை அறிந்துதான் மருந்து கொடுக்க வேண்டும்.

ஹாக்கிக்கு உயரம் எவ்வளவு வேண்டும்?

கூடைப்பந்தில் வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. வாலிபாலில் வலைக்கு மேல் கை போக வேண்டும். ஹாக்கியில் பந்து பெரும்பாலும் தரையில்தான் கிடக்கிறது. ஆடுகிறவன் குனிந்துதான் ஆக வேண்டும். குட்டையானவனுக்கு உடம்பின் பாரம் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் சட்டென்று திரும்ப முடியும், சட்டென்று நிற்க முடியும். முன்வரிசை ஆட்டக்காரருக்கும் நடுவரிசை ஆட்டக்காரருக்கும் இது பெரிய சொத்து.

நீளமான கையும் கனத்த உடம்பும் உதவும் இடங்களும் உண்டு. பெனால்டி கார்னரில் பந்தைச் சுழற்றி எறியும் டிராக் ஃபிளிக், தடுப்பாட்டம், கோல்கீப்பர் வேலை ஆகியவற்றில் பெரிய உருவத்துக்கு ஆதாயம் இருக்கிறது. சின்ன உருவப் பிள்ளையை எந்த இடத்தில் ஆட வைப்பது என்பதை அவன் உடம்பை வைத்து யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து ஹாக்கி செயற்கைப் புல்லில் ஆடப்படுகிறது. பந்து வேகமாக ஓடும். ஆளும் அதே வேகத்தில் ஓட வேண்டும். மண் தரையில் மட்டை வித்தை மட்டும் காட்டிப் பிழைத்த காலம் போய்விட்டது. சின்ன உருவம் பரவாயில்லை. சக்தியில்லாத உடம்புதான் ஆகாது.

ஒல்லி உடம்புக்காரர்கள்

நம்மவர் தன்ராஜ் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். புனேக்குப் பக்கத்தில் கட்கியில், தமிழ்க் குடும்பத்தில் 1968-ல் பிறந்தவர். உடைந்த மட்டையை ஒட்டிக் கட்டி ஆடிப் பழகியவர். பார்த்தால் ஒல்லி தேகம். ஆனால் பந்தோடு அவர் ஓட ஆரம்பித்தால் எதிரணி தடுப்பாளர்கள் விழி பிதுங்குவார்கள். 1992, 1996, 2000, 2004 என்று நான்கு ஒலிம்பிக்கில் ஆடினார். உலகக் கோப்பையும் நான்கு. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில்தான் 32 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு ஹாக்கித் தங்கம் வந்தது. அவர் கடைசியாக ஆடிய 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அணியில், நம் கோவையில் பிறந்த ஆடம் சின்க்ளேரும் இருந்தார்.

பெண்களில் ராணி ராம்பால். ஹரியானாவில் ஷாபாத் என்ற சின்ன ஊர். அப்பா வண்டி இழுப்பவர். ஊட்டமில்லாத உடம்பைப் பார்த்து, "பயிற்சியைத் தாங்க மாட்டாய்" என்று முதலில் பயிற்சியாளர் சேர்க்கவில்லை. பிறகு சேர்த்துக்கொண்டபோது, தினம் அரை லிட்டர் பால் கொண்டு வர வேண்டும் என்பது அங்கே விதி. வீட்டில் 200 மில்லிதான் வாங்க முடியும். மிச்சத்துக்குத் தண்ணீர் கலந்து குடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் 15 வயதில் 2010 உலகக் கோப்பையில் ஆடினார். 2013 ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது போட்டியின் சிறந்த வீராங்கனை அவர்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் தலைமையில் இந்தியப் பெண்கள் நான்காம் இடம் வந்தார்கள். பயிற்சியாளர் முதலில் பார்த்த குறை உண்மைதான். அந்த உடம்புக்கு ஊட்டம் தேவைப்பட்டது. ஆனால் ஊட்டக் குறைவு தீர்க்கக்கூடிய குறை. அதைத் திறமைக் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தால் நாடு ஒரு கேப்டனை இழந்திருக்கும்.

அண்மையில் கோவில்பட்டி. நான் படித்தது பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில். அங்கிருந்து கோவில்பட்டி அதிக தூரமில்லை. கடலை மிட்டாய்க்குப் பேர் போன அந்த ஊருக்கு ஹாக்கியும் அதே அளவு சொந்தம். அங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வம், மாரீஸ்வரன் சக்திவேல் இருவரும் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் தேர்வானார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் நல்ல பயிற்சியும் தரையும் சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

கோல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்

பையன் தேறுவானா என்று கணிக்க மைதானத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

1. முதல் தொடுகை. வேகமாக வரும் பந்தை மட்டையில் வாங்கும்போது பந்து அடங்குகிறதா, தெறித்து ஓடுகிறதா?

2. தலை. பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தலை நிமிர்ந்து அக்கம்பக்கம் பார்க்கிறானா? இது உள்ளவன் அரை நொடி முன்னால் இருப்பான்.

3. முதல் ஐந்து, பத்து மீட்டர் வேகம். நூறு மீட்டர் ஓட்டத்தில் ஜெயிக்க வேண்டியதில்லை. கிளம்பும் வேகம் வேண்டும்.

4. கடைசிக் கால் மணி நேரம். இப்போது சர்வதேச ஆட்டம் 15 நிமிஷம் வீதம் நான்கு பகுதி. நான்காவது பகுதியிலும் முதல் பகுதி போலவே ஓடுகிறானா?

5. இடி வாங்கினால் என்ன செய்கிறான்? பெரியவன் தள்ளினால் விழுந்து புலம்புகிறானா, அடுத்த முறை இடி வருவதற்கு முன்பே பந்தைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறானா? சின்ன உருவக்காரனுக்கு இதுதான் பள்ளிக்கூடம். உடம்பால் முடியாததை மூளையால் செய்யக் கற்றுக்கொள்கிறான். பதினெட்டில் உடம்பும் வந்து சேர்ந்தால் அவனைப் பிடிக்க முடியாது.

6. கற்றுக்கொள்ளும் புத்தி. போன மாதம் கோச் திருத்திய தவறு இந்த மாதம் குறைந்திருக்கிறதா?

பெரிய பையன்களோடு மட்டுமே ஆட விடாதீர்கள். அவனை ஒத்த உருவமுள்ளவர்களோடும் ஆட விட்டுப் பாருங்கள். அங்கே அவன் பந்தை வைத்துக்கொண்டு தைரியமாக ஆடினால் திறமை இருக்கிறது, தடுப்பது உருவம்தான். அங்கேயும் திணறினால் குறை வேறு எங்கோ இருக்கிறது.

மட்டையையும் பாருங்கள். அண்ணன் மட்டையை வைத்துக்கொண்டு ஆடும் பிள்ளைகள் நிறைய. நேராக நிற்கும்போது மட்டையின் பிடி இடுப்பெலும்பு அளவுக்கு வந்தால் போதும். நீளமும் கனமும் கூடிய மட்டை கைவேலையைக் கெடுக்கும்; முதுகையும் மணிக்கட்டையும் நோகடிக்கும்.

உயரத்துக்கு லேகியம் உண்டா?

கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் மருந்து கொடுத்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எலும்பின் இரு முனைகளிலும் உள்ள குருத்து மூடிய பிறகு எந்தச் சூரணமும், எந்தப் பவுடரும், எந்தக் கம்பியில் தொங்குவதும் உயரத்தைக் கூட்டாது. உயரம் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது.

லேபிள் இல்லாத டப்பாவில் வரும் 'உடம்பு ஏற்றும்' பொடிகளில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வளரும் பிள்ளைக்கு அது போனால் எலும்புக் குருத்து சீக்கிரமே மூடிக்கொள்ளும். வளர வேண்டிய பிள்ளை நின்றுபோவான். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் ஆட்டமும் போகும். பஸ்பம், செந்தூரம் போன்றவற்றையும் பதிவு பெற்ற மருத்துவர் பார்த்துக் கொடுக்காமல் வாங்கித் தராதீர்கள்.

அப்படியானால் சித்த மருத்துவம் என்ன செய்யும்? பசி மந்தத்தைச் சரி செய்யும், வயிற்றுப் பூச்சியைக் கவனிக்கும், தூக்கத்தை ஒழுங்குபடுத்தும். உடம்புக்கு வர வேண்டிய உயரத்துக்குக் குறுக்கே நிற்பவற்றை அகற்றும். துறுதுறுவென்று ஓடும் ஒல்லிப் பிள்ளைகளை எங்கள் முறையில் வாத தேகி என்போம். இவர்களுக்கு வறண்ட தின்பண்டம் ஆகாது, பட்டினி ஆகாது, கண் விழிப்பு ஆகாது. சூடான, நெய் சேர்ந்த உணவும், வாரம் ஒரு முறை நல்லெண்ணெய்க் குளியலும் ஒத்துக்கொள்ளும். எண்ணெய் தேய்த்த நாளில் வெயிலில் பயிற்சி வேண்டாம்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

'கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு' என்ற பழமொழி நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆடும் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

பயிற்சி செய்யும் பிள்ளைக்கு, உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் புரதம் தேவை. 36 கிலோ பையனுக்கு சுமார் 45 முதல் 54 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராமுக்கு மேல், இரண்டு கைப்பிடி நிலக்கடலையில் 12 கிராம் போலக் கிடைக்கும். பருப்பும் பயறும் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். டப்பாப் பவுடர் தேவையே இல்லை.

காலை பயிற்சிக்கு முன்: ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

பயிற்சி முடிந்து: கேழ்வரகுக் கூழ் அல்லது கம்பு தோசை, முட்டை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

மதியம்: நம் ஊர் அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல், தயிர். அசைவம் சாப்பிடும் வீடு என்றால் மீனோ நாட்டுக்கோழியோ.

மாலை: எள்ளுருண்டை, கடலை மிட்டாய், அல்லது கொள்ளு, தட்டப்பயறு, பச்சைப்பயறு இவற்றில் ஒரு சுண்டல்.

இரவு: இட்லி, தோசை, சோளப் பணியாரம் எதுவானாலும் எட்டரை மணிக்குள். படுக்கும் முன் பால்.

சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். அது இரும்புச் சத்தை உடம்பில் ஏறவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாக ஏறும்.

தூக்கம், ஓய்வு, வலி

வளர்ச்சிச் சுரப்பு ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். காலை ஐந்து மணிக்குப் பயிற்சி, ராத்திரி ஒன்பதரை வரை டியூஷன், அப்புறம் செல்போன் என்றால் எந்த உடம்பு வளரும்?

வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி? பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணிக்கு மேல் போகக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு.

வேகமாக வளரும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்ளும். தசையும் நரம்பும் பின்தங்கும். முழங்காலுக்குக் கீழே முண்டு போல வீங்கி வலிப்பது, குதிகால் வலி, கைகால் கட்டுக்கு அடங்காமல் தடுமாறுவது எல்லாம் அப்போது வரும். "போன வருஷம் நல்லா ஆடினானுங்க, இப்ப சொதப்பறான்" என்று திட்டாதீர்கள். அது புது உடம்பு, பழக நாளாகும். பயிற்சியைக் குறைத்து, வெந்நீர் ஒத்தடமும் மென்மையான எண்ணெய்த் தடவலும் கொடுங்கள். வீக்கமும் சூடும் இருக்கும்போது அழுத்தித் தேய்க்கக் கூடாது. இடுப்பு வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கண்டிப்பாக டாக்டரிடம் காட்டுங்கள். குனிந்தே ஆடும் பிள்ளைகளுக்கு முதுகெலும்பில் மயிரிழை விரிசல் வரலாம்.

பெண் பிள்ளை என்றால்

15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஓடியதும் மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது, படிப்பில் கவனம் இல்லை என்றால் 'ஸ்டாமினா இல்லை' என்று முத்திரை குத்தும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆட்டத் திறமை போலத் தோன்றும் பல குறைகள் ரத்தக் குறைகள்தான்.

இன்னொன்று: பயிற்சி அதிகம், சாப்பாடு குறைவு என்றால் மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். "விளையாடற புள்ளைக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு பலவீனமாகிறது என்பதற்கு அது எச்சரிக்கை. 15 வயது முடிந்தும் பெரியவளாகாவிட்டாலும், மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள்.

சோறு போடுமா ஹாக்கி?

பெற்றோரின் நிஜமான கவலை இதுதான். ஒலிம்பிக் ஹாக்கி அணியில் 16 பேர். நூறு கோடிக்கு மேல் ஜனம் உள்ள நாட்டில் 16 பேர்! ஆகவே இந்திய அணியை மட்டும் குறியாக வைத்துப் பிள்ளையை ஓட்டாதீர்கள்.

ஆனால் ஹாக்கியில் நடுப்படிகள் நிறைய உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள், கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, ரயில்வே, வங்கி, போலீஸ், ராணுவ அணிகள். நிறையப் பேர் ஆட்டத்தை வைத்து நிரந்தர வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்கியபோது 2024 அக்டோபரில் நடந்த ஏலத்தில் இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்ச ரூபாய்க்குப் போனார். ஆகக் குறைந்த அடிப்படை விலை 2 லட்சம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மனதில் வையுங்கள். அந்த ஏலத்தில் அணிக்கு 24 பேரில் நான்கு ஜூனியர்களாவது இருக்க வேண்டும் என்ற விதி இளையவர்களுக்கு ஒரு வாசலாக இருந்தது. பெண்களுக்கான லீக் 2025 ஜனவரியில் முதன்முறையாக நடந்தது. அதே ஆண்டு இறுதியில் 24 நாடுகள் கலந்துகொண்ட ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அது 21 வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டி. பதினாலில் பின்தங்கிய பிள்ளைக்கு அதுவரை ஏழு வருஷம் இருக்கிறது!

ஆகவே வயதுவாரியாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

10 முதல் 13 வரை: கைவேலை, ஓட்டம், ஆசை. ஹாக்கியோடு நீச்சல், கபடி, ஓட்டம் எல்லாம் ஆடட்டும். தேர்வு பற்றிப் பேச்சே வேண்டாம்.

13 முதல் 16 வரை: உயரத்தை அளந்து எழுதுங்கள், சாப்பாட்டைக் கவனியுங்கள். செலக்ஷனில் பெயர் வராவிட்டால், "எதில் குறை?" என்று கோச்சிடம் கேளுங்கள். 'உருவம்' என்று சொன்னால் காத்திருங்கள். 'பந்தை வாங்கத் தெரியவில்லை' என்று சொன்னால் வேலை செய்ய வேண்டும்.

17, 18: இப்போது கணக்குப் பாருங்கள். உடம்பு பெரும்பாலும் வந்துவிட்டது. மாவட்டம், மாநிலம் என்று படி ஏறியிருக்கிறானா? ஏறியிருந்தால் விடுதி, கல்லூரி அணி என்று வழி தேடுங்கள். ஏறாவிட்டால் ஆட்டத்தை உடம்புக்கும் மனசுக்குமாக வைத்துக்கொண்டு படிப்பில் முன்னேறட்டும்.

எந்த வயதிலும் படிப்பை விடக் கூடாது. ஒரு முழங்கால் காயம் போதும், ஆட்டத்தை நிறுத்திவிட.

கடைசியாக ஒரு வார்த்தை. பிள்ளை காதுபட "குள்ளம்", "பொடிசு" என்று பேசாதீர்கள், உறவுக்காரர்களையும் பேசவிடாதீர்கள். விருந்துக்கு வந்த பெரியப்பா தம்பி பையனோடு முதுகுக்கு முதுகு நிறுத்தி அளப்பது அவருக்கு வேடிக்கை. அதே பேச்சைக் கேட்டுக் கேட்டு மைதானத்தில் பந்து கேட்கவே கூசிப்போகும் பிள்ளைகள் உண்டு. வளர்ச்சி தாமதமானால் காத்திருக்கலாம். கூச்சம் ஊறிப்போனால் எடுப்பது சிரமம். சாப்பாடு போடுங்கள், தூங்க விடுங்கள், ஆட விடுங்கள். மிச்சத்தை அவன் உடம்பு தன் நேரத்தில் செய்யும்.